எரிமலைப் பள்ளத்துக்குள் ஒரு நாள்: நண்பர்களோடு ஃபூர்னேஸ் ஏறப் போகிறவர்களுக்கு

இந்தியப் பெருங்கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவான ரீயூனியனுக்கு வருகிற நம் ஊர்க்காரர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "எரிமலைக்குள்ளேயே இறங்கி நடக்கலாமாமே, உண்மையா?" உண்மைதான். அனுபவம் உள்ள வழிகாட்டி இல்லாமலேயே, கயிறு கருவி எதுவும் இல்லாமலேயே, நல்ல காலணியும் போதுமான தண்ணீரும் இருந்தால் காலையில் இறங்கி மதியத்துக்குள் திரும்பி வந்துவிடலாம். நான் காரைக்காலில் பிறந்தவன், இப்போது சேன் பியேர் பக்கம் குடியிருக்கிறேன், இங்கேயே பிறந்து வளர்ந்த மல்பார் (தமிழ் வம்சாவளியினரை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) நண்பர்களோடு பதினைந்து தடவைக்கு மேல் அந்தப் பள்ளத்துக்குள் நடந்திருக்கிறேன். அதில் மூன்று தடவை உச்சியைப் பார்க்காமலேயே திரும்பினோம். மூன்று தடவையும் காரணம் மேகம். எரிமலை என்றதும் எல்லோரும் நெருப்புக்குப் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டியது மேகத்துக்குத்தான், கீழே நான் சொல்லும் பாதி விஷயங்கள் அதைச் சுற்றித்தான் வரும்.

முதலில் இடம் எது என்று தெரிந்துகொள்ளுங்கள். பித்தோன் த லா ஃபூர்னேஸ், 2632 மீட்டர் உயரம், தீவின் தென்கிழக்கில் இருக்கிறது. ஃபூர்னேஸ் என்றால் உலை. அந்த உலையின் உச்சியைச் சுற்றி, லாடம் போல வளைந்த ஒரு பெரும் பள்ளம் இருக்கிறது, ஆன்க்ளோ ஃபூகே என்பார்கள், அகலம் சுமார் 8 கிலோமீட்டர், மூன்று பக்கம் செங்குத்துச் சுவர், கிழக்குப் பக்கம் மட்டும் கடலைப் பார்த்துத் திறந்து கிடக்கும். நாம் மேற்குச் சுவரில் படிக்கட்டு வழியாக இறங்கி, பள்ளத்தின் தரையில் நடந்து, நடுவில் நிற்கும் கூம்பின் மேல் ஏறி, அதன் வாயை விளிம்பில் நின்று பார்த்துவிட்டு அதே வழியில் திரும்புகிறோம். அந்த வாய்க்குப் பெயர் தோலோமியூ. போக வர ஐந்து மணி நேரம் ஆகும், நிதானமாக நடந்தால் ஆறு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், நடக்கும்போது இது மனதில் இருந்தால் காலடியில் இருக்கும் பாறையே வேறு மாதிரித் தெரியும். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்திய நிலம் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருந்தபோது, பூமிக்கு அடியில் இருந்த ஒரு வெப்பப் புள்ளியின் மேலாகக் கடந்தது. அப்போது கொட்டிய லாவாதான் தக்காணப் பீடபூமியின் கரும்பாறை, மும்பைக்கும் புணேவுக்கும் நடுவே மலைச்சரிவில் படிப்படியாகத் தெரியுமே, அது. அதே புள்ளி அப்புறம் மாலத்தீவுக்கு அடித்தளம் போட்டது, மொரீஷியஸை எழுப்பியது, இப்போது நம் காலுக்குக் கீழே இருக்கிறது.

எப்போது போவது

மே முதல் நவம்பர் வரை நல்லது. இங்கே அதுதான் குளிர்காலமும் வறண்ட காலமும். டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை புயல் காலம், அப்போதும் தெளிவான காலைகள் கிடைக்கும், ஆனால் பல நாள் முன்கூட்டியே திட்டம் போட்டு வருபவர்கள் அந்த மாதங்களை நம்ப வேண்டாம். 2007 பிப்ரவரியில் காமேத் புயல் வந்தபோது, எரிமலைக்குப் போகும் சாலையோரம் இருக்கும் கொமெர்சோன் பள்ளத்தில் 72 மணி நேரத்தில் 3929 மில்லிமீட்டர் மழை பதிவானது, உலகச் சாதனை அது. சென்னைக்கு ஒரு வருடம் முழுக்கக் கிடைப்பதே சுமார் 1400 மில்லிமீட்டர்தான். அந்த மலையில் மழை என்றால் என்ன என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டாம்.

உள்ளூர் நண்பர்களோடு போவதாக இருந்தால் கோயில் நாட்காட்டியையும் கேட்டுக்கொள்ளுங்கள். டிசம்பர், ஜனவரியில் பல கோயில்களில் பாண்டியாலே அம்மனுக்குத் தீமிதி நடக்கும் (நம் ஊரில் திரௌபதி அம்மன் என்போமே, அவள்தான்), அதற்கு 18 நாள் விரதம் இருப்பார்கள். அப்புறம் தைப்பூசக் காவடி வரும். விரதத்தில் இருப்பவரை நடக்கக் கூப்பிடக்கூடாது என்றில்லை, அவர்கள் விருப்பம். ஆனால் உங்கள் கோழிக்கறியையும் சாசேஜையும் அவர்களுடைய சாப்பாடு இருக்கும் அதே பையில் வைக்காதீர்கள், தனிப் பை, தனிக் கரண்டி. இதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், நாமாகச் செய்ய வேண்டியது.

கிளம்பும் முன்

முந்தின நாள் மாலை இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, வானிலை. கடற்கரையில் வெயில் அடிப்பதை வைத்து மேலே எப்படி என்று சொல்லவே முடியாது, ஆகவே எரிமலைப் பகுதிக்கான அறிவிப்பைத் தனியாகப் பாருங்கள். இரண்டு, பள்ளம் திறந்திருக்கிறதா என்பது. எரிமலைக்குப் போகும் வழியில் உள்ள பூர்-முரா ஊரில் இருக்கும் எரிமலை ஆய்வகம் இரவும் பகலும் நில அதிர்வைக் கண்காணிக்கிறது. அடியில் அசைவு கூடினால் ப்ரெஃபெக்த்தூர், அதாவது தீவின் அரசு நிர்வாக அலுவலகம், விழிப்பு நிலை, முதல் எச்சரிக்கை, இரண்டாம் எச்சரிக்கை என்று படிப்படியாக அறிவிக்கும், எச்சரிக்கை வந்துவிட்டால் படிக்கட்டுக்கு முன்னால் இருக்கும் கதவை மூடிவிடுவார்கள். கதவு மூடியிருந்தால் திரும்பிவிடுங்கள். பக்கத்தில் புகுந்து போகலாம் என்று கூட்டத்தில் ஒருவர் நிச்சயம் சொல்வார், அவர் பேச்சைக் கேட்காதீர்கள். சராசரியாக ஆண்டுக்கு ஒரு முறைக்கும் மேல் வெடிக்கும் மலை இது, லாவா பெரும்பாலும் மெதுவாக வழியும், அதனால்தான் இவ்வளவு பேர் இங்கே நடக்க முடிகிறது. ஆனால் எந்த இடத்தில் தரை பிளக்கும் என்று முன்கூட்டி யாராலும் காட்ட முடியாது, அது நீங்கள் நடக்கும் பாதையாகவும் இருக்கலாம்.

வீட்டில் இருக்கும் ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்: எத்தனை பேர், எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்பி வந்து செய்தி அனுப்புவோம், அனுப்பாவிட்டால் எத்தனை மணிக்கு அவர் 112-க்கு அழைக்க வேண்டும் என்று. பள்ளத்துக்குள் எல்லா இடத்திலும் கைபேசி அலை கிடைக்காது.

பையில் என்ன

தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டர். இரண்டு போதும் என்பார்கள், போதாது. உள்ளே ஊற்று இல்லை, குழாய் இல்லை, ஒதுங்க ஒரு மரம் இல்லை, கறுப்புப் பாறை பத்து மணிக்கெல்லாம் அடுப்புக்கல் மாதிரி சுட ஆரம்பிக்கும். அதே பாறை விடியற்காலையில் உறைபனி பூத்துக் கிடக்கும், ஜூலை ஆகஸ்டில் வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டிப் போகும். ஆகவே பனியன், அதன் மேல் கம்பளிச் சட்டை, அதன் மேல் காற்றும் மழையும் புகாத மேலங்கி என்று அடுக்கடுக்காகப் போட்டுக்கொண்டு, வெயில் ஏற ஏறக் கழற்றுங்கள். தொப்பி, வெயில் களிம்பு இரண்டும் கட்டாயம், குளிர்கிறதே என்று விட்டுவிட்டால் சாயங்காலம் காதும் பின்கழுத்தும் எரியும். நெற்றியில் கட்டும் விளக்கு ஒவ்வொருவருக்கும் ஒன்று. ஒரு ஊதல். கட்டுப்போடும் துணி, ஒட்டுப்பட்டை. கைக்கு மெல்லிய கையுறை இருந்தால் நல்லது, ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

காலணிதான் எல்லாவற்றிலும் முக்கியம். கணுக்காலை மூடும், அடி தடித்த நடைக்காலணி. ஓட்டக் காலணியில் போகிறவர்களும் உண்டு, பழகியவர்களுக்கு அது சரி. செருப்போ புதுக் காலணியோ வேண்டவே வேண்டாம்.

சாப்பாடு அவரவர் விருப்பம். நாங்கள் பெரும்பாலும் எலுமிச்சைச் சாதமும் காய்கறி அச்சாரும் கொண்டுபோவோம், கூட போன்போன் பிமான் ஒரு பொட்டலம். கடித்துப் பார்த்தால் நம் ஊர் மசால் வடையின் தங்கை என்று தெரிந்துவிடும். உப்புச் சேர்ந்த பண்டமாக ஏதாவது இருக்கட்டும், வியர்வையில் உப்பு நிறையப் போகும்.

மேலே போகும் சாலை

சேன் பியேரிலிருந்து கிளம்பினால் லெ தாம்போன், பிளேன் தே காஃப்ர், பூர்-முரா வழியாக ஒன்றேகால் மணி நேரம். சேன் தெனியிலிருந்தோ சேன் ஆந்த்ரேயிலிருந்தோ வருபவர்கள் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள். எரிபொருளைக் கீழேயே நிரப்பிவிட வேண்டும். பூர்-முராவைத் தாண்டியதும் எரிமலைச் சாலை, இருட்டில் மாடுகள் மேயும் புல்வெளி, அப்புறம் வளைவுகள். திடீரென்று சாலை ஒரு விளிம்புக்கு வந்து கீழே இறங்கும், அதுதான் பிளேன் தே சாப்ளே, சிவப்பும் கறுப்புமாகச் சாம்பல் மணல் பரந்து கிடக்கும் வெறும் வெளி, புல் பூண்டு அபூர்வம். அங்கே தார் கிடையாது, குண்டும் குழியுமான மண் பாதை. வாடகைக் கார் எடுத்தவர்கள் மெல்ல ஓட்டுங்கள், அவசரப்பட்டு டயரைக் கிழித்துக்கொண்டால் அந்த நாள் அங்கேயே முடிந்தது.

பாதை முடியும் இடம் பா த பெல்கோம்ப்-ஜாக்கோப், சுமார் 2300 மீட்டர். இந்தப் பெயரில் நமக்கு ஒரு உறவு இருக்கிறது. பெல்கோம்ப் 18-ஆம் நூற்றாண்டில் இந்தத் தீவின் ஆளுநராக இருந்தவர், பிற்பாடு புதுச்சேரிக்கும் ஆளுநராக வந்து 1778-இல் ஆங்கிலேயர்களிடம் ஊரை ஒப்படைக்க நேர்ந்தவர். ஆனால் இந்தச் செங்குத்துச் சுவரில் இறங்க வழி கண்டுபிடித்தவர் அவர் இல்லை, ஜாக்கோப் என்ற அடிமை மனிதர். வெகு காலம் ஆளுநர் பெயர் மட்டுமே பலகையில் இருந்தது, பிற்பாடுதான் ஜாக்கோப் பெயரையும் சேர்த்தார்கள். கூட வரும் சிறுபிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள், படிக்கட்டில் இறங்கும்போது யார் கண்ட வழி இது என்று தெரியட்டும்.

கழிப்பறை இங்கேதான் இருக்கிறது, உள்ளே எதுவும் இல்லை. முந்தின இரவே வந்து தங்க விரும்பினால் பக்கத்தில் ஜீத் எனப்படும் மலை விடுதி உண்டு, முன்பதிவு செய்துவிட்டு வர வேண்டும். கடல் மட்டத்திலிருந்து ஒரே மூச்சில் ஏறி வருவதால் சிலருக்குத் தலை கனக்கும், அவர்களுக்கு மட்டுமாவது ஓர் இரவு மேலே தங்குவது நல்லது.

நடை

சூரியன் உதிக்கும் நேரத்தில் நீங்கள் படிக்கட்டில் இருக்க வேண்டும். ஜூனில் அது ஏழு மணியை ஒட்டி, டிசம்பரில் ஐந்தரைக்கு. ஏன் இவ்வளவு சீக்கிரம் என்றால், பெரும்பாலான நாட்களில் காலை தெளிவாக இருக்கும், பத்து பத்தரைக்கு மேல் கடல் பக்கமிருந்து மேகம் சரிவில் ஏறிவந்து பள்ளத்தை நிரப்பிவிடும். எட்டு மணிக்கு இறங்க ஆரம்பித்தவர்கள் விளிம்பில் போய் நின்று வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டு வருவார்கள்.

படிகள் சுமார் 500. இறங்குவது சுலபம், இவற்றையே மதியம் களைத்த காலோடு ஏற வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். கீழே வந்ததும் பாறையில் வெள்ளைப் பூச்சுப் புள்ளிகள் தெரியும். இதுதான் பாதை. லாவா ஓடிய தரையில் ஒற்றையடித் தடம் விழாது, எல்லாப் பக்கமும் ஒரே கறுப்பாக ஒரே மாதிரி இருக்கும், ஆகவே இந்தப் புள்ளிகளைத் தவிர உங்களுக்கு வேறு துணை கிடையாது. நான் எல்லோரிடமும் கேட்டுக்கொள்ளும் ஒரே விதி: அடுத்த புள்ளி கண்ணில் படாமல் இருக்கிற புள்ளியை விட்டு நகராதீர்கள்.

இருபது முப்பது நிமிடத்தில் ஃபோர்மிகா லேயோ வரும். செம்மண் நிறத்தில் ஒரு சின்னக் கூம்பு, நடுவில் இரண்டு குழி, 1753-இல் உண்டானது. லத்தீனில் அந்தப் பெயருக்கு எறும்புச் சிங்கம் என்று பொருள், அதாவது நம்ம குழியானை. சின்ன வயதில் திண்ணையோர மணலில் ஊதி ஊதிக் குழியானை பிடித்திருப்போமே, அந்தக் குழியின் வடிவம் அப்படியே இது. விடியல் வெளிச்சத்தில் இதைப் பார்க்க வேண்டும், சிவப்பு அவ்வளவு அழகாக எரியும். மேலே ஏறிப் பார்க்கப் பாதை இருக்கிறது, பாதையை விட்டுச் சரிவில் சறுக்காதீர்கள், சாம்பல் சரிந்தால் பழையபடி ஆகாது.

அங்கிருந்து தரை கிட்டத்தட்டச் சமம்தான். இரண்டு வகைப் பாறை மாறி மாறி வரும். ஒன்று குளிர்ந்த கஞ்சியின் ஏடு சுருங்கினாற்போல, முறுக்கிப் போட்ட கயிறு போல மழமழவென்று இருக்கும், நடக்கச் சுகம். இன்னொன்றை இங்கே கிராத்தோன் என்பார்கள், பன்றித் தோல் வறுவலின் பெயர் அது, பார்த்தால் ஏன் என்று புரியும்: முழுக்கச் சொரசொரப்பு, முனை முனையாகக் கண்ணாடித் துண்டு போல. அதன் மேல் தடுமாறி உள்ளங்கையை ஊன்றினால் தோல் கிழியும், கையுறை அதற்குத்தான். கயிற்றுப் பாறையிலும் ஒரு ஆபத்து உண்டு, சில இடங்களில் மேல் ஓடு மட்டும் இருந்து அடியில் கூடாக இருக்கும், மிதிக்கும்போது மண்பானையைத் தட்டினாற்போல ஒலி கேட்டால் அங்கே நிற்காமல் புள்ளிக்குத் திரும்புங்கள். உடைந்த கல்லில் பச்சையாக மின்னும் மணிகள் தெரியும், ஆலிவின் படிகம். பாருங்கள், படம் எடுங்கள், எடுத்துக்கொண்டு போகாதீர்கள், தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறோம்.

கிளம்பி ஒரு மணி நேரத்தில் ஷாப்பெல் த ரோஸ்மோன். சிறு கோயில் போலக் கூம்பி நிற்கும் லாவாப் பாறை, உள்ளே ஒரு ஆள் குனிந்து நிற்கும் அளவுக்குக் குடைவு. இங்கே உட்கார்ந்து சாப்பிடுங்கள். தெக்-தெக் என்ற குட்டிப் பறவை கால்மாட்டிலேயே வந்து நிற்கும், உலகத்தில் இந்தத் தீவில் மட்டும்தான் இருக்கிறது, அதற்கு வடைத்துண்டு போடாதீர்கள். இதுதான் முடிவெடுக்கும் இடமும்கூட. வானத்தைப் பாருங்கள். கிழக்கே மேகம் கூம்பின் தோள் வரை வந்துவிட்டதென்றால் இங்கிருந்தே திரும்புவது சரி, குழியானையும் இந்தப் பாறையும் பார்த்ததே ஒரு நல்ல நாள்தான்.

வானம் தெளிவாக இருந்தால், பாதை இங்கிருந்து இடப்பக்கம் பிரிந்து கூம்பின் வடக்குச் சரிவைச் சுற்றி ஏறும். ஒன்றரை மணி நேரம், நிழல் துளியும் இல்லை. கூட்டத்தில் யார் மெல்ல நடப்பவரோ அவரை முன்னால் விடுங்கள், பாதை தெரிந்தவர் கடைசியில் வரட்டும். வேகமானவர்கள் முன்னால் போய்க் காத்திருப்பதாகச் சொல்வார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் ஆறு பேரில் இருவர் ஒருமுறை அப்படித்தான் முன்னே போனார்கள். மேகம் வந்து கவிந்தது, பத்து அடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை, கூப்பிட்ட குரல் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றே தெரியவில்லை. நாங்கள் நால்வர் ஒரு வெள்ளைப் புள்ளியில் உட்கார்ந்து ஊதலை ஊதிக்கொண்டே இருந்தோம், நாற்பது நிமிடம். அவர்களும் ஒரு புள்ளியில் அசையாமல் உட்கார்ந்திருந்ததால்தான் மேகம் விலகியதும் கண்டுபிடித்தோம், எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் முந்நூறு அடிகூட இல்லை. மேகம் கவிந்தால் செய்ய வேண்டியது அதுதான்: உட்காருங்கள், மேலங்கி போடுங்கள், ஊதுங்கள், காத்திருங்கள். மூடுபனியில் மீட்பு ஹெலிகாப்டரும் பறக்க முடியாது.

விளிம்பு

ஏறி முடிந்ததும் தரை சட்டென்று நின்றுவிடும். எதிரே ஒரு கிலோமீட்டர் அகலத்துக்குப் பள்ளம். 2007 ஏப்ரலில், அடியில் இருந்த லாவா முழுக்கக் கீழ்ச்சரிவில் த்ரெம்ப்ளே பக்கம் பிளந்து கடலுக்கு ஓடியபோது, தாங்க ஆளில்லாமல் இந்த வாயின் தரை சில நாட்களுக்குள் 300 மீட்டருக்கும் மேல் உள்ளே இறங்கியது. தஞ்சைப் பெரிய கோயில் விமானங்கள் ஐந்தை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாலும் விளிம்பை எட்டுமா என்பது சந்தேகம்தான். பிறகு வந்த லாவா அடியில் கொஞ்சம் நிரப்பியிருக்கிறது. சுவரில் ஆங்காங்கே ஆவி கிளம்பும், காற்று திரும்பினால் கந்தக வாடை வரும், அமைதியாக நின்றால் எங்கோ கல் உதிர்ந்து விழும் சத்தம் கேட்கும். முதல் தடவை அந்தச் சத்தத்தைக் கேட்டபோது எங்கள் கூட்டத்தில் ஒருவரும் பேசவில்லை, பக்கத்தில் நின்ற தம்பி கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

உதிர்வது எதிர்ச்சுவரில் மட்டும் என்று நினைக்காதீர்கள், நாம் நிற்கும் விளிம்பிலும் விரிசல் உண்டு. குறித்திருக்கும் எல்லைக்குப் பின்னால் நின்றே பாருங்கள். படத்துக்காக ஒரு அடிகூட முன்னே போக வேண்டாம்.

அரை மணி நேரம் போதும். திரும்பும் நேரத்தைக் கார் நிறுத்துமிடத்திலேயே எல்லோரும் சேர்ந்து முடிவு செய்திருக்க வேண்டும், எங்களுக்கு அது ஒன்பதரை. எங்கே இருந்தாலும், விளிம்புக்குப் பத்து நிமிடத் தூரத்தில் இருந்தாலும், ஒன்பதரைக்குத் திரும்புவோம். இறங்கும்போதுதான் கால் அதிகம் பிசகும், சாம்பல் சரிவில் சிறு கற்கள் உருளும், பேச்சைக் குறைத்துக்கொண்டு காலடியைப் பாருங்கள். ரோஸ்மோனில் மீண்டும் ஒரு நிறுத்தம், மிச்சமிருக்கும் தண்ணீரை எல்லோருக்கும் பங்கு வையுங்கள், ஆளுக்கு அரை லிட்டராவது படிக்கட்டுக்கு என்று ஒதுக்குங்கள். அந்த 500 படி வெயிலில் ஏறுவதுதான் நாளின் கடினமான பகுதி, ஐம்பது ஐம்பதாக எண்ணி நின்று நின்று ஏறினால் யாராலும் முடியும்.

மேலே வந்ததும் தலையை எண்ணுங்கள். காலணியைக் கழற்றி உள்ளே விழுந்த சாம்பலை அங்கேயே கொட்டுங்கள், காரில் விழுந்தால் மாதக்கணக்கில் போகாது. பசி அடங்காமல் இருந்தால் பூர்-முராவில் சூடாகச் சோறும் கறியும் கிடைக்கும், எரிமலை அருங்காட்சியகமும் அங்கேதான், நடந்து பார்த்த பிறகு அதற்குள் போனால் ஒவ்வொரு படமும் புரியும். ஆனால் அதற்கெல்லாம் முன், வழியில் அலை கிடைக்கும் முதல் இடத்தில் வண்டியை ஓரமாக நிறுத்தி, வீட்டில் காத்திருப்பவருக்கு "எல்லோரும் மேலே வந்துவிட்டோம்" என்று ஒரு வரி அனுப்பிவிடுங்கள்.